ஊருக்கு ஒரு மொபைல் கம்பெனி தொடங்கலாமா? எந்த சிம், எந்த பிளான்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ரீசார்ஜ், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் இரண்டு வகையான கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஊருக்கு வரும் தம்பிகள், "அண்ணா, பெரிய கம்பெனிக்காரன் நம்ம பக்கம் டவர் வைக்க மாட்டேங்கிறான், நாமே ஒண்ணு ஆரம்பிச்சா என்ன?" என்பார்கள். மற்றவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "எந்த சிம் போடட்டும், எத்தனை நாள் பிளான் போடட்டும்?" ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

எங்கள் ஊருக்கு, அல்லது ஒரு ஒன்றியத்துக்கு மட்டும் மொபைல் கம்பெனி தொடங்க முடியுமா?

இந்தியாவில் முடியாது. பணம் இருந்தாலும் முடியாது.

மொபைல் சேவைக்காக நாட்டை 22 வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாடு, சென்னை, புதுச்சேரி மூன்றும் சேர்ந்து ஒரே வட்டம். உரிமம் வட்டக் கணக்கில்தான், அலைவரிசை ஏலமும் வட்டக் கணக்கில்தான். நான்கு மலைக் கிராமங்களுக்கு மட்டும் டவர் போட நினைக்கிறவர் மாநிலம் முழுவதற்குமான அலைவரிசையை ஏலம் கேட்டாக வேண்டும். 2022 ஆகஸ்டில் முடிந்த 5ஜி ஏலத்தில் போன தொகை ஒன்றரை லட்சம் கோடி ரூபாய். அந்தக் கூடத்தில் நமக்கு நாற்காலி கிடையாது.

வட்ட அளவிலேயே ஒரு கம்பெனி தொடங்கி வளர்ந்த கதை நம் மாநிலத்திலேயே உண்டு. 1999-இல் தமிழ்நாட்டில் சேவை தொடங்கிய ஏர்செல் பிறகு நாடெங்கும் போனது. 2018-இல் திவால் மனு போட்டு நின்றது. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் நம்பரைக் காப்பாற்ற வேறு கம்பெனிக்கு ஓடினார்கள். மாநிலம் முழுக்கக் கொடி நாட்டிய கம்பெனிக்கே அந்த நிலை என்றால் இந்தத் தொழிலில் எவ்வளவு பணம் கரையும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் ஊர் மக்களே சேர்ந்து மொபைல் கம்பெனி நடத்துகிறார்களாமே?

உண்மைதான். மெக்சிகோவில் ஒஹாகா மாநிலத்து மலையில் தலேயா தெ காஸ்த்ரோ என்று ஓர் ஊர். ஏறத்தாழ 2,500 பேர். ஆள் போதாது என்று பெரிய கம்பெனிகள் அங்கே போகவில்லை. 2013-இல் ரைசோமாட்டிகா என்ற அமைப்பின் உதவியோடு ஊரே ஒரு சின்ன பேஸ் ஸ்டேஷன் (போன்களோடு சிக்னல் பேசும் கருவி) வாங்கி, ஆண்டெனா கட்டி, தங்களுக்கென்று செல்போன் நெட்வொர்க் தொடங்கியது. வெளியூர் அழைப்புகள் இன்டர்நெட் வழியாகப் போயின. தொடங்கிய புதிதில் கூட்டம் தாங்காமல், ஒரு அழைப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். கல்யாண வீட்டில் சாம்பார் தீரும்போது கரண்டியைச் சின்னதாக்குவது போலத்தான்.

அங்கே அது நிலைத்ததற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமில்லை. 2014-இல் மெக்சிகோ புதிய தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவந்தது. லாப நோக்கில்லாத பழங்குடி, சமூக அமைப்புகளுக்குத் தனி வகை உரிமம் அதில் உண்டு. 2016-இல் அந்த ஊர்களின் கூட்டமைப்புக்கு உரிமமும் அலைவரிசையும் கிடைத்தன. நம் நாட்டில் மொபைல் அலைவரிசையை ஊருக்கு, சங்கத்துக்கு என்று ஒதுக்கும் அப்படியொரு வகை இல்லை. அந்த பேஸ் ஸ்டேஷனை வாங்கி இங்கே மொட்டை மாடியில் மாட்டினால் அதிகாரிகள் வந்து கழற்றிக்கொண்டு போவார்கள், வழக்கும் வரும். யூடியூப் பார்த்துவிட்டு யாரும் இறங்கிவிட வேண்டாம்.

சரி, டவரே இல்லாமல் மொபைல் கம்பெனி நடத்தலாம் என்கிறார்களே, அது என்ன?

அதற்கு விஎன்ஓ என்று பெயர். மற்ற நாடுகளில் எம்விஎன்ஓ என்பார்கள். டவரும் அலைவரிசையும் பெரிய கம்பெனியுடையது. அவர்களிடம் நிமிடத்தையும் ஜிபியையும் மொத்தமாக வாங்கி, நம் பெயரில் சிம் போட்டு, நம் விலைக்கு விற்கலாம். பாத்திரமும் அடுப்பும் வாடகைக்கு எடுத்து மெஸ் நடத்துகிற மாதிரி.

2016-இல் இதற்கு வழிமுறை வந்தது. அந்த விதிகளின்படி மொபைல் சேவைக்கு ஒரு வட்டத்துக்கு நுழைவுக் கட்டணமே 50 லட்சம். உரிமம் 10 ஆண்டுக்கு. வருமானத்தில் 8 சதவீதம் உரிமக் கட்டணம். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு உரிமம் என்பதையே அங்கீகாரம் என்று மாற்றி விதிகளைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இறங்குகிறவர் அன்றைய தேதியில் என்ன கட்டணம் என்று தொலைத்தொடர்புத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டணத்தைப் புரட்டிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். என்ன விலைக்கு மொத்தமாகத் தர வேண்டும் என்று பெரிய கம்பெனிக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது. இருவரும் பேசி முடித்துக்கொள்ள வேண்டியதுதான். அவர்கள் கடையில் 300 ரூபாய்க்கு விற்கிற பிளானை நமக்கு 290-க்குத் தந்தால் அந்தப் பத்து ரூபாயில் ஆள் சம்பளம், கஸ்டமர் கேர், சிம் அச்சடிப்பு எல்லாம் எப்படி ஓடும்? இந்தியாவில் விலை ஏற்கெனவே தரையில் கிடக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த வியாபாரம் ஓடுவதற்குக் காரணம், அங்கே பெரிய கம்பெனிகளின் விலை உயரத்தில் இருப்பதுதான்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. விஎன்ஓ வந்தால் புதிதாக ஒரு டவரும் முளைக்காது. தாய்க் கம்பெனிக்கு டவர் இல்லாத இடத்தில் நம் சிம்முக்கும் டவர் இல்லை. மலைமேல் சிக்னல் இல்லை என்பதற்காகத் தொடங்குகிற கம்பெனிக்கு இது எந்த வகையிலும் உதவாது. முதலில் வந்த விஎன்ஓக்களில் ஒன்றான ஏரோவாய்ஸ் 2018 வாக்கில் பிஎஸ்என்எல் நெட்வொர்க்கில் தமிழ்நாட்டில்தான் வந்தது. அந்தப் பெயரை இன்று என் கடையில் யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் ஊரில் இருந்துகொண்டு நாம் செய்யக்கூடியது எதுவுமே இல்லையா?

இருக்கிறது. மொபைல் என்ற வார்த்தையை விட்டுவிட்டு இன்டர்நெட் என்ற பக்கம் வந்தால் கதவு திறந்திருக்கிறது.

மொபைல் அலைவரிசைக்கு ஏலம். வைஃபைக்கு ஏலம் இல்லை, அது உரிமம் தேவைப்படாத அலைவரிசை. இதை வைத்து 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பிஎம்-வாணி என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பழைய எஸ்டிடி பூத் ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டர். அதே யோசனைதான், பேச்சுக்குப் பதில் டேட்டா. டீக்கடை, பெட்டிக்கடை, பால் சொசைட்டி, யார் வேண்டுமானாலும் பொது வைஃபை போட்டுக் காசு வாங்கலாம். கடைக்காரருக்கு உரிமம் வேண்டாம், பதிவும் வேண்டாம், கட்டணமும் இல்லை. யார் உள்ளே வந்தார்கள், ஓடிபி, பணம், கணக்கு எல்லாவற்றையும் மேலே இருக்கும் திரட்டி நிறுவனம் பார்த்துக்கொள்ளும். அவர்கள்தான் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நானே ஒன்று போட்டுப் பார்த்தேன். மாட்டியது சுலபம், ஓட்டியதுதான் பாடு. மழைக்குத் தாங்கும் அக்சஸ் பாயின்ட் (வைஃபை பெட்டி) ஒன்றைக் கடை முகப்பில் இரும்புக் குழாயில் கட்டினோம். டீக்கடை பெஞ்சு, எதிர்ப் பக்கம் நிழற்குடை, சலூன், இவ்வளவு தூரம் நன்றாக வந்தது. சந்தைத் திடல் வரை எட்டவில்லை. மூன்றாவது வாரம் நெட் நின்றது. ஏறிப் பார்த்தால் குரங்கு கேபிளை மென்று துப்பியிருந்தது. பிவிசி குழாய்க்குள் விட்டுச் சரி செய்தோம். அடுத்தது கரண்ட். மாலை ஆறு மணிக்குத்தான் கூட்டம், கரண்ட் போவதும் அந்த நேரத்தில்தான். ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிய பிறகுதான் நிம்மதி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பத்து ரூபாய் பேக் போட்டு ஆன்லைன் படிவம் நிரப்புவார்கள், மலைமேலிருந்து வரும் ஆட்கள் வீட்டுக்கு வீடியோ கால் பேசுவார்கள். லாபம் பெரிதாக இல்லை. ஆனால் டீ வியாபாரம் கூடியது என்று கடைக்காரர் இன்னும் அதைக் கழற்ற விடவில்லை.

இந்தத் திட்டத்தின் கழுத்தைப் பிடித்திருந்தது, கடைக்காரர் வாங்குகிற இன்டர்நெட் லைனின் விலை. வீட்டு இணைப்பைப் பொது வைஃபைக்குப் பயன்படுத்தக் கூடாது, லீஸ்டு லைன் என்கிற தனி இணைப்புதான் வாங்க வேண்டும் என்று கம்பெனிகள் சொல்லும். அந்த விலைக்கு டீக்கடையையே விற்க வேண்டும். 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் உத்தரவு போட்டது. 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டு ஃபைபர் பிளான்களைப் பொது வைஃபைக் கடைகளுக்கும் தர வேண்டும், வீட்டு விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று. இனி கணக்குப் போட்டுப் பார்க்க வழி இருக்கிறது.

வீட்டுக்கு வீடு ஃபைபர் கொடுக்க என்ன வழி?

இரண்டு வழி. ஒன்று, பிஎஸ்என்எல் அல்லது தனியார் கம்பெனிக்கு உள்ளூர் ஃபிரான்சைஸ் ஆவது. கேபிள் டிவி நடத்தியவர்கள் நிறையப் பேர் இப்படித்தான் மாறினார்கள். கம்பம், கேபிள், இணைப்பு, பழுது எல்லாம் நம் பொறுப்பு, மாதக் கட்டணத்தில் பங்கு. இரண்டாவது, நாமே இன்டர்நெட் கம்பெனி நடத்தும் சொந்த ஐஎஸ்பி உரிமம். பழைய ஒருங்கிணைந்த உரிம விதிகளில் மாவட்ட அளவை ஒட்டிய 'சி' வகைக்கு நுழைவுக் கட்டணம் 20,000 ரூபாய்தான், மாநில அளவு 'பி' வகைக்கு 2 லட்சம். கட்டணம் குறைவு என்று மயங்க வேண்டாம். பயனர் விவரப் பதிவு, பாதுகாப்பு நிபந்தனை, காலாண்டுக்கு ஒரு கணக்கு என்று காகித வேலை ஆளைத் தின்னும். முதலில் ஃபிரான்சைஸ் எடுத்து ஐந்நூறு வீடு சேர்ந்த பிறகு உரிமத்தைப் பற்றி யோசிப்பதுதான் புத்தி.

கிராமப் பஞ்சாயத்து வரை ஃபைபர் கொண்டுவரும் பாரத்நெட் வேலையை நம் மாநிலத்தில் டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் பார்க்கிறது. 12,525 பஞ்சாயத்துகள் அதன் கணக்கு. உங்கள் பஞ்சாயத்து அலுவலகத்தில் அந்த ஃபைபர் இணைப்புப் பெட்டி வந்திருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். சில இடத்தில் பெட்டி மேல் பழைய வாக்காளர் பட்டியல் அடுக்கி வைத்திருப்பார்கள்.

என் நிலத்தில் டவர் வைத்தால் 30 லட்சம் அட்வான்ஸ், மாதம் 40,000 வாடகை என்று மெசேஜ் வந்திருக்கிறது. போகலாமா?

வேண்டவே வேண்டாம். இது மோசடி.

சிங்க முத்திரை போட்ட கடிதத்தோடு ஒரு விவசாயி என் கடைக்கு வந்தார். லேமினேஷன் பண்ணித் தரச் சொன்னார். கடிதத்தில் டிராய் என்று போட்டிருந்தது, அவர் சர்வே நம்பர்கூடச் சரியாக இருந்தது. "என்ஓசி கட்டணம் 18,500 கட்டினால் அட்வான்ஸ் கணக்கில் ஏறும்" என்றிருந்தது. ஏற்கெனவே 'பதிவுக் கட்டணம்' என்று 2,500 அனுப்பியிருந்தார். மாட்டை விற்று மீதியைக் கட்டப் போகிறேன் என்றார். கடிதத்தில் தமிழ் எழுத்துப்பிழைகளை ஒவ்வொன்றாகக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்.

டவருக்கு நிலம் தர டிராய் எந்தக் கடிதமும் கொடுப்பதில்லை, எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. அவர்களே பலமுறை அறிவித்திருக்கிறார்கள். உண்மையான டவர் கம்பெனி நம்மிடம் ஒரு பைசா கேட்காது. எங்கே டவர் வேண்டும் என்பதை அவர்கள் கணக்குப் போட்டு, அந்த இடத்தைத் தேடி அவர்களே வருவார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணம் முடக்கப்பட வாய்ப்பு உண்டு.

டவர் வேண்டும் என்று எத்தனை மனு போட்டும் வரவில்லையே, ஏன்?

ஆள் குறைவு, வருமானம் குறைவு என்பது தெரிந்த காரணம். டவரை நெட்வொர்க்கோடு இணைக்க அதன் பின்னால் போகிற லைன்தான் பெரிய செலவு. மலையில் ஃபைபர் போட வனத்துறை அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் மைக்ரோவேவ் தட்டு வைத்து எதிர் டவரோடு நேர்ப்பார்வை வேண்டும். நடுவில் ஒரு குன்று வந்தால் போச்சு. கரண்ட் இல்லாத நேரம் டீசல்.

2022 ஜூலையில் மத்திய அரசு 4ஜி இல்லாத 24,680 ஊர்களுக்கு 26,316 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது, பிஎஸ்என்எல் வழியாக. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு மனு போடுங்கள். வெறுமனே "டவர் வேண்டும்" என்பதைவிட அது வேலை செய்யும். 2025 ஜனவரியிலிருந்து, அரசு நிதியில் எழுந்த இத்தகைய 4ஜி டவர்களில் ஒரு கம்பெனி சிம்மில் இருந்தே மற்ற கம்பெனி டவரைப் பிடிக்கும் ஏற்பாடும் தொடங்கியிருக்கிறது. என்னைக் கேட்டால், கிராமத்துக்குப் புதுக் கம்பெனியைவிட இந்தப் பங்கீடுதான் தேவை.

இப்போது பிளான் பக்கம் வருவோம். எந்த சிம் நல்லது?

இந்தக் கேள்விக்கு டிவி விளம்பரத்தில் பதில் கிடையாது. உங்கள் வீட்டுத் திண்ணையில்தான் கிடைக்கும்.

நான் சொல்லும் முறை இது. உறவுக்காரர், பக்கத்து வீடு என்று ஒவ்வொரு கம்பெனி சிம் போட்ட போனையும் அரை மணி நேரம் கடன் வாங்குங்கள். படுக்கும் இடம், மாட்டுக் கொட்டகை, வேலைக்குப் போகிற காடு, மூன்று இடத்திலும் நின்று கால் பேசிப் பாருங்கள். புள்ளி எத்தனை என்று பார்க்காதீர்கள், பேச்சு உடைகிறதா என்று பாருங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒருமுறை வீடியோ ஓட்டுங்கள். காலையில் பறக்கும் நெட் அந்த நேரத்தில் சுற்றிக்கொண்டே நிற்கலாம், ஊரே ஒரு டவரில் தொங்குவதால்.

தரங் சஞ்சார் என்ற அரசுத் தளத்தில் உங்கள் இடத்தைச் சுற்றி எந்தக் கம்பெனி டவர் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். கம்பெனிகளும் தங்கள் கவரேஜ் மேப்பை இணையதளத்தில் போட வேண்டும் என்று டிராய் கட்டாயமாக்கியிருக்கிறது. மேப்பில் ஊர் முழுக்கப் பச்சையாகத்தான் இருக்கும். குன்றின் மறைவு அதில் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. எங்கள் பக்கம் ஒரு பாட்டி ஜன்னல் கம்பியில் போனைத் துணியால் கட்டி வைத்திருப்பார். அந்தக் கம்பியை விட்டு நான்கு விரல் நகர்ந்தாலும் டவர் போய்விடும். பெங்களூரிலிருந்து மகன் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலோடு பேசுவார். அந்த வீட்டுக்கு எந்த கவரேஜ் மேப்பும் பதில் சொல்லாது.

28 நாள், 84 நாள், ஒரு வருஷம். எது லாபம்?

விலையைப் பார்க்காமல் நாளால் வகுத்துப் பாருங்கள். கணக்குக்காகச் சொல்கிறேன், இவை எந்தக் கம்பெனி விலையும் அல்ல: 28 நாள் பிளான் 300 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 10 ரூபாய் 71 காசு. 84 நாள் 860 என்றால் 10 ரூபாய் 24 காசு. 365 நாள் 3,600 என்றால் 9 ரூபாய் 86 காசு.

28 நாள் என்பதை மாதம் என்று நினைப்பதில்தான் ஏமாற்றம். வருஷத்துக்கு 12 ரீசார்ஜ் அல்ல, 13. அந்தப் பதின்மூன்றாவது மாதம் காலண்டரில் இல்லை, கம்பெனி கணக்கில் மட்டும் இருக்கிறது. இதைப் பற்றிப் புகார் குவிந்த பிறகு 2022 ஜனவரியில் டிராய், ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பிளான் ஒன்றாவது, மாதாமாதம் ஒரே தேதியில் முடியும் பிளான் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. இருக்கிறது. ஆனால் ஆப்பில் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனால்தான் கண்ணில் படும்.

நீளமான பிளானில் நாள் விலை குறையும், கையைவிட்டு மொத்தமாகப் போகும் பணம் கூடும். கூலி வேலைக்குப் போகிற அக்காவிடம் வருஷ பிளான் லாபம் என்று நான் சொல்வதில்லை. அவர் கையில் ஒரே நாளில் 3,600 ரூபாய் இருக்காது. இருந்தால் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் முந்திக்கொள்ளும். அறுவடை முடிந்து காசு பார்க்கும் வீட்டுக்கு வருஷ பிளான் சரி. ஆனால் அந்த டவர் உங்கள் வீட்டில் ஆறு மாதமாவது ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்திருக்க வேண்டும். நடுவில் வேறு கம்பெனிக்கு மாறினால் மீதி நாளும் பேலன்ஸும் கூட வராது, அங்கேயே போய்விடும்.

எனக்கு நெட் வேண்டாம், பேசினால் போதும். அதற்குத் தனி பிளான் உண்டா?

உண்டு. 2024 டிசம்பரில் டிராய் கட்டாயமாக்கியது. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் எல்லாக் கம்பெனியும் தர வேண்டும், சிறப்பு வவுச்சர்கள் 365 நாள் வரை இருக்கலாம். பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தாவுக்குத் தினமும் ஒன்றரை ஜிபி எதற்கு? கடையில் "பேச மட்டும், நெட் இல்லாதது" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். எங்களுக்குக் கமிஷன் தொகையைப் பொறுத்தது, பெரிய ரீசார்ஜுக்குப் பெரிய கமிஷன். என் தொழிலை நானே போட்டுக்கொடுக்கிறேன், பரவாயில்லை.

பட்டன் போனுக்கு எந்த சிம்மும் வேலை செய்யுமா?

செய்யாது. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, எனவே பழைய 2ஜி பட்டன் போனில் அந்த சிம் உயிர்பெறாது. 4ஜி பட்டன் போன் வேண்டும். ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) இரண்டும் 2ஜியை வைத்திருக்கின்றன. சிம்மை மாற்றும் முன் போனின் பின் மூடியைக் கழற்றிப் பேட்டரிக்குக் கீழே என்ன மாடல் என்று பாருங்கள்.

போஸ்ட்பெய்டு எடுக்கலாமா? அமெரிக்காவில் இரண்டு வருஷம் ஒப்பந்தம் போட்டால் போன் தருவார்களாமே?

அங்கே அது பல காலம் வழக்கம்தான். போன் சும்மா வந்த மாதிரி இருக்கும், விலை மாதக் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கும், நடுவில் விட்டால் அபராதம். 2013-இல் டி-மொபைல் அந்த முறையைக் கைவிட்டது, பிறகு மற்றவர்களும் போன் விலையைத் தனித் தவணையாகப் பிரித்தார்கள். நம் ஊரில் அந்த முறை வேர் பிடிக்கவே இல்லை. இங்கே போனுக்கு இஎம்ஐ ஃபைனான்ஸ் கம்பெனியோடு, சிம் வேறு கம்பெனியோடு.

கிராமத்தில் ஒருவருக்கு மட்டும் என்றால் ப்ரீபெய்டே போதும். வீட்டில் நான்கு சிம், எல்லோருக்கும் ஒரே பில் என்று நினைக்கிற மாதச் சம்பளக்காரர் குடும்ப போஸ்ட்பெய்டைக் கணக்குப் பார்க்கலாம். விளம்பர விலையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் என்பதை மறக்க வேண்டாம். ப்ரீபெய்டு விலையில் அது உள்ளேயே இருக்கும்.

நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறுவது எப்படி?

ஆங்கிலத்தில் போர்ட் (PORT) என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு உங்கள் பத்து இலக்க நம்பரைப் போட்டு, 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எட்டு எழுத்துக் குறியீடு (கோடு) வரும். 4 நாள்தான் செல்லும். ஆதாரோடு புதிய கம்பெனிக் கடைக்குப் போனால் வட்டத்துக்குள் 3 வேலை நாளில் மாறிவிடும்.

கோடு வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: இந்தக் கம்பெனிக்கு வந்து 90 நாள் ஆகவில்லை, போஸ்ட்பெய்டு பாக்கி இருக்கிறது, சிம் தொலைந்து புது சிம் வாங்கி 7 நாள் ஆகவில்லை. கடைசி விதி 2024 ஜூலையில் வந்தது, சிம் திருட்டைத் தடுக்க. "உங்க பேக்கில் எஸ்எம்எஸ் இல்லை, அதனால் போகாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த பிளானாக இருந்தாலும் 1900-க்கு எஸ்எம்எஸ் போக வேண்டும் என்பது டிராய் உத்தரவு.

மாற்றும் நாளில் சில மணி நேரம் போன் செத்துக் கிடக்கும். அன்றைக்குப் பேங்க் ஓடிபி, ரேஷன், மருத்துவமனை வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால்தான் நம்பரைப் பறிக்கலாம். பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னொரு 30 நாள் நீட்டிப்பார்கள். ஆனால் இது நம்பர் உயிரோடு இருப்பதற்கு மட்டும். பேக் முடிந்ததும் அவுட்கோயிங் கட், சில நாளில் இன்கமிங்கும் கட்.

வீட்டுக்குள் டவர் இல்லை. பூஸ்டர் வாங்கி வைக்கலாமா?

ஆன்லைனில் விற்கிற பூஸ்டர், ரிப்பீட்டர் எல்லாம் சட்டவிரோதம். உங்கள் வீட்டில் புள்ளி ஏறும், நான்கு தெருவுக்குப் பேச்சு உடையும். வீட்டில் ஃபைபர் இருந்தால் போனில் வைஃபை காலிங்கை ஆன் பண்ணுங்கள். சாதாரண நம்பரிலேயே வைஃபை வழியாகப் பேசலாம், தனிக் காசு இல்லை.

புகார் யாரிடம்?

முதலில் உங்கள் கம்பெனியின் புகார் எண் 198-க்குப் போன் செய்யுங்கள். உங்கள் புகாருக்கான பதிவு எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீரவில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. டிராய் தனிநபர் புகாரைத் தீர்ப்பதில்லை. அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகாரையும் அங்கே கொண்டுபோகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை.

எல்லாம் சொன்னீர்கள், நீங்கள் எந்த சிம் வைத்திருக்கிறீர்கள்?

இரண்டு. ஒன்று கடையில் எடுக்கும், மற்றது வீட்டில் எடுக்கும். கடை சிம்முக்கு 84 நாள், வீட்டு சிம்முக்குப் பேச மட்டும். கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஏரிக்கரை தாண்டி இரண்டு கிலோமீட்டர் இரண்டுமே எடுக்காது. ஏழே முக்காலிலிருந்து எட்டு மணி வரை கூப்பிட்டால் எனக்குக் கேட்காது, பிறகு கூப்பிடுங்கள்.